பயோடேட்டாவின் வலது மூலை

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் திரும்பினால் நாலாவது கட்டடம். கீழே மருந்துக்கடை, மாடியில் ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சுடலைக்கண்ணன் மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான். சீனியராக இருந்த சஃபீனா நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தாள்.

"தம்பி, இது தர்கா இல்ல, ஆபீஸ். போயி மாட்டிட்டு வா."

அன்றிலிருந்து அவள் அவனுக்கு அக்கா. டிராம்பேயை ஒட்டிய சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள், எட்டு வருஷமாக அதே நாற்காலி. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருப்பவர் முதலாளி பத்ரி சார். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிற குடும்பம். காலையில் போனைக் காதில் வைத்தால் சாயங்காலம்தான் எடுப்பார். இவர்கள் இரண்டு பேரோடு கண்ணனும் சேர்ந்தால் ஆபீஸ் முழுசும் ஆச்சு.

பெயரை முழுசாகச் சொன்னால் கம்பெனிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பத்ரி சார் முதல் வாரமே 'சுடலை'யைக் கழித்துவிட்டார். கண்ணனுக்கு அது சுருக்கென்றது. வைத்தவர்கள் காரணமில்லாமலா வைத்தார்கள்? ஆனால் மூன்று மாதம் அவனை வைத்துப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால்தான் நிரந்தரமாக்கிக் கடிதம் தருவார்கள் என்று பேச்சு. அந்தக் கடிதம் கைக்கு வருகிற வரைக்கும் எதற்கும் வாயைத் திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அந்தக் கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நாங்குநேரிக்குத் தெற்கே அவன் ஊரில், அவன் தெருவில், டிகிரி முடித்த முதல் ஆள் அவன்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் இவன்தான் சொல்லிக் கொடுத்தான். பி.காம். முடித்துப் பதினான்கு மாதம் எங்கெங்கோ எழுதிப் போட்டும் ஒரு பதிலும் இல்லை. கடைசியில் தாராவிப் பக்கம் லேபர் கேம்ப்பில் இருந்த தாய்மாமன் பிரம்மநாயகம், "இங்கன வந்து பாருடே" என்று கூப்பிட்டார். மாமா டிராம்பேயில் வெல்டிங் கான்ட்ராக்ட்டில் இருந்தார். டீக்கடையில் நின்றால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மருமகனில் போய்தான் முடியும்.

"நம்ம மருமவன் பி.காமுல்லா. செம்பூர்ல ஆபீஸு. ஏசி உண்டு."

"பெர்மனென்ட் ஆயிட்டா?"

"இந்தா, இந்த மாசம் ஆயிரும்."

இந்த 'இந்த மாசம்' மூன்றாவது மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

வேலை ஒன்றும் கல் உடைக்கிற வேலை இல்லை. நாளைக்கு நாற்பது ஐம்பது பயோடேட்டா வரும். ஒவ்வொன்றும் ஒரு தினுசு. சிலது ஒழுங்காக டைப் செய்தது, சிலது தாளில் எழுதிப் போனில் படம் பிடித்தது. ஒருவன் அவசரத்தில் கல்யாணத்துக்குத் தயாரித்ததையே அனுப்பியிருந்தான். நட்சத்திரம், ராசியோடு 'எதிர்பார்ப்பு: பணிவான பெண்' என்றும் இருந்தது. சஃபீனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோடவுன் வேலைக்கு இவ்ளோ கண்டிஷன் போட்டவன் இவன் ஒருத்தன்தான்!"

எல்லாவற்றையும் ஆபீஸின் அச்சில் திருப்பி அடிக்க வேண்டும். அந்தத் தாளின் வலது மூலையில் ஒரு கட்டம். அதில் படம். படம் இல்லாமல் வந்தால் போன் போட்டு, வாட்ஸ்அப்பில் வாங்கி ஒட்ட வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பெரிய பட்டியல்; பெயர், வயது, படிப்பு, இருக்கும் இடம் எல்லாம் போட்டு வந்தால் கடைசிப் பத்தியின் தலைப்பு வெறும் 'பி'.

"'பி'ன்னா என்னக்கா?"

"பிரசன்டபிள். ஆளு பாக்க எப்படி இருக்கான்னு. ஒண்ணு போட்டா ஃப்ரண்ட் டெஸ்க்குக்கு அனுப்பலாம். ரெண்டு போட்டா நடுவுல. மூணுன்னா அக்கவுண்ட்ஸ், கோடவுன், அந்த மாதிரி. வெளி ஆளு பாக்காத வேலை."

"இத யாரு போடுவா?"

"இதுவரைக்கும் நான். இனிமே நீயும். ரொம்ப யோசிக்காத, என்ன? பாத்ததும் மனசுல ஒரு நம்பர் வரும்ல, அதப் போட்டுட்டுப் போயிட்டே இரு. யோசிச்சேன்னா எல்லாருக்கும் ரெண்டு போட்டு வைப்ப, பத்ரி சார் கத்துவாரு."

கண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. "கணக்கு எழுத வாரவன் மூஞ்சி எதுக்குக்கா? மார்க்கப் பாத்தா போதாதா?"

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? கம்பெனிக்காரன்கிட்ட கேளு. போட்டோ இல்லாம அனுப்பினா நேர்ல வரச் சொல்லி, பாத்துட்டு, போன்னுவான். அதுக்கு இது மேலு."

"ஒங்க பயோடேட்டால போட்டோ உண்டா?"

"எனக்கு எதுக்கு போட்டோ?" சஃபீனா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "பேரப் பாத்தே பாதிப் பேரு மூடி வச்சிருவான். மூஞ்சி வரைக்கும் போறதே இல்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கூடச் சிரிக்க வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா என்று கண்ணனுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் அவனுக்குக் கை பழகிவிட்டது. அதுதான் அவனைப் பிறகு உறுத்தியது. ஆரம்பத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் கொஞ்சம் தயங்கினான். பிறகு தயக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. படம் திறந்ததும் எண் வந்து நின்றது. ஒன்று, மூன்று, மூன்று, இரண்டு. கறுத்த முகத்துக்கெல்லாம் மூன்று வருகிறதென்று ஒருநாள் சாப்பிடும்போது தோன்றியது. கையை வெறுமனே சாம்பார் சாதத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

அன்று மத்தியானமே பழைய பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தேடினான். இருந்தது. கடைசிப் பத்தியில் மூன்று.

"அக்கா, எனக்கு மூணு போட்டது நீங்களா?"

"நான்தான்." சஃபீனா கொஞ்சமும் அசரவில்லை. "அதனாலதான் ஃபேன் காத்துல உள்ள உக்காந்திருக்க. ஒண்ணு போட்டிருந்தேன்னா ஏதாவது மால் வாசல்ல நின்னு குட்மார்னிங் சொல்லிட்டு இருப்ப."

"அந்தப் போட்டோ நல்லாத்தான இருந்துச்சு?"

அவன் வைத்திருந்தது பட்டமளிப்பு விழாப் படம். கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய சுருள். சுருளுக்குள் இருந்தது வெள்ளைத்தாள்தான். நிஜப் பட்டம் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. அங்கியைக் கூட வாடகைக்குத்தான் கொடுத்தார்கள், மேடையை விட்டு இறங்கியதும் அடுத்தவன் கழற்றச் சொல்லி நின்றான். ஆனாலும் அந்தப் படத்தை எடுத்த அன்றைக்கு அவன் அப்பா, ஸ்டூடியோக்காரரிடம் ஒரு காப்பிக்கு நாலு காப்பியாக வாங்கினார். வேலைக்கு எழுதிப் போடும்போது அதைவிட நல்ல படம் உலகத்தில் இருக்க முடியும் என்று கண்ணனுக்குத் தோன்றவே இல்லை. படித்தவன் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சஃபீனா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அங்கி போட்ட போட்டோ வந்தாலே நான் புரிஞ்சுக்குவேன், அந்த வீட்டுல இது மொதல் டிகிரின்னு. அப்பனும் ஆத்தாளும் படிச்ச வீட்டுப் புள்ள இத வைக்கவே வைக்காது. கோட்டு சூட்டுப் போட்டு, பின்னால வெள்ளச் செவுரு, அவ்ளோதான். கம்பெனிக்காரனும் இதத் திறந்ததும் சிரிக்கிறான். நான் என்ன பண்ண?"

காது மடல் சூடாகிவிட்டது அவனுக்கு. திரும்பி அடுத்த பயோடேட்டாவைத் திறந்தான்.

மூன்றாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அந்தக் கிளினிக் வேலை வந்தது. செம்பூரிலேயே புதிதாகத் திறக்கிற தோல், முடி கிளினிக். முன்மேஜைக்கு ஒரு பெண் வேண்டும். தமிழும் ஹிந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேச வேண்டும், பதிவேடு பார்க்கத் தெரிய வேண்டும், பார்ப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் வந்தவற்றில் ஒன்று மாரிசெல்வியுடையது. லேபர் கேம்ப் முகவரி. மாமா வீட்டுக்கு நாலு சந்து தள்ளி, இவன் பார்த்ததில்லை. பி.ஏ., நல்ல மார்க். தாராவியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இரண்டு வருஷ வேலை. கேட்ட நாலு மொழியும் இருந்தது. வந்த பதினேழில் அவள் அளவுக்குப் பொருத்தமாக ஒருத்தரும் இல்லை. வலது மூலையில் படம். கறுப்பு அங்கி. தொப்பி ஒருபக்கம் சரிந்திருக்க, எண்ணெய் தேய்த்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை முன்னால் விழுந்திருக்க, சுருளை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல கறுப்பு.

கண்ணன் போன் போட்டான்.

"ஹலோ, மாரிசெல்விங்களா?"

"ஹாங், போலியே," என்று ஹிந்தியில் பதில் வந்தது.

"தமிழ்லயே பேசலாம். ஒங்க பயோடேட்டா வந்திச்சு. ஆபீஸ்லருந்து கண்ணன்."

"அய்யோ, தமிழா! எந்த ஊருண்ணா நீங்க?"

"நாங்குநேரி பக்கம்."

"எங்கம்மா வள்ளியூரு! நான் ஒரே ஒரு தடவ போயிருக்கேன். கொசு கடிச்சு காய்ச்சல் வந்து மூணாம் நாளே திரும்பிட்டேன். எங்கம்மா இன்னும் அதச் சொல்லித் திட்டுதாங்க."

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில். மராத்தியில் இரண்டு வரி பேசச் சொன்னான். அவனுக்கே பாதிதான் புரிந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

"போட்டோ தெரியுதாண்ணா? தொப்பி கொஞ்சம் சரிஞ்சிருக்கும். பரவால்லயா? எங்க வீட்டுல நான்தான் மொதல்ல முடிச்சேன், அதான் அதையே வச்சேன்."

"பரவால்ல. நல்லாருக்கு."

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மனசில் எண் வந்து நின்றுவிட்டது. மூன்று. அவன் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. போனை வைத்த பிறகும் அது போகவில்லை. அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதன் மேல் அம்புக்குறியை வைத்து அழித்தான். வலது மூலையில் கட்டம் மட்டும் நின்றது. பட்டியலில் கடைசிப் பத்தியை நிரப்பாமல் விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. ஒன்று என்று போட்டான்.

சஃபீனா எட்டிப் பார்த்தாள். "போட்டோ எங்க?"

"வேணும்னா கேக்கட்டும்."

"தம்பி, வாங்கிக் கட்டிக்கப் போற. ஒம்போது நாளு இருக்கு ஒனக்கு. லெட்டர வாங்கிட்டு அப்புறம் ஊரத் திருத்து."

"மொதல்ல அவ பேசுறதக் கேக்கட்டும்க்கா. கேட்டுட்டா அப்புறம் மூஞ்சி ஒரு பொருட்டா இருக்காது."

அவன் சொன்னதில் பாதி பலித்துவிட்டது. கிளினிக்கிலிருந்து அவளைப் போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். அரைமணி நேரம் பேசினார்களாம். சனிக்கிழமை அசல் சான்றிதழ்களோடு வரச் சொன்னார்கள். கிளினிக் மேனேஜர் பத்ரி சாரிடம், "குரல் பிரமாதம், கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்" என்றாராம். பத்ரி சார் வெளியே வந்து கண்ணன் தோளில் தட்டினார்.

"நல்ல பிடிப்புடா. இப்படித்தான் பண்ணணும். உன் லெட்டர் டைப் ஆயிடுத்து, திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோ."

அன்று சாயங்காலம் மாரிசெல்வி போன் செய்தாள். குரலில் மூச்சு வாங்கியது. "அண்ணா, சனிக்கெழம வரச் சொல்லிட்டாங்க! ஸ்கூல்ல பரீட்சை டைம், லீவு தர மாட்டேன்னாங்க. சண்ட போட்டு வாங்கியாச்சு. எங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க, கேக்கவே மாட்டேங்காங்க." கண்ணனுக்கு நெஞ்சு நிறைந்தது. நாமாக ஒரு காரியம் செய்தோம், அது நடந்தும்விட்டது என்று பஸ்ஸில் நின்றபடியே சயான் வரைக்கும் சிரித்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கிளினிக்கிலிருந்து பத்ரி சாருக்குப் போன் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் கண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே வந்தார்.

"அந்த மாரிசெல்வி ஃபைல்ல போட்டோ ஏன் இல்லை?"

கண்ணன் வாயைத் திறப்பதற்குள் சஃபீனா முந்திக்கொண்டாள். "சார், அவங்க அனுப்பினது ஓப்பன் ஆகல. நெட் படுத்திருந்துச்சு அன்னிக்கு."

"அப்போ ஒண்ணுன்னு எப்படிப் போட்டேள்?"

"டைப்பிங் மிஸ்டேக் சார். மேல இருந்த பொண்ணோடது இங்க விழுந்திருக்கும்."

பத்ரி சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ, நம்ப விரும்பினாரோ. "ஒரு பொண்ணை நேர்ல வரவழைச்சு, மூஞ்சியைப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பறது இருக்கே, அது நமக்கும் அசிங்கம், அவளுக்கும் அசிங்கம். போட்டோ வாங்கறதே அதுக்குத்தான். புரியறதா? சரி, கண்ணன், சாப்டுட்டு உள்ளே வா. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் உள்ளே போனதும் சஃபீனா கீழ்க்குரலில், "பேசாம இரு. வாயவே திறக்காத," என்றாள்.

பன்னிரண்டு மணி சுமாருக்குக் கதவு திறந்தது. அங்கி இல்லை, தொப்பி இல்லை, சிரிப்பும் இல்லை. இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கசங்காத சுடிதார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல்.

"கண்ணன் அண்ணா யாரு?"

"நான்தான். உக்காருங்க."

"உக்கார வரல. சனிக்கெழம ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வாரேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "நான் போயி பேரச் சொன்னேன். அந்த மேனேஜரு பேப்பரப் பாக்காரு, என்னப் பாக்காரு. திரும்பவும் பேப்பரப் பாக்காரு. 'நீங்கதான் மாரிசெல்வியா'ன்னு மூணு தடவ கேட்டாரு. சார் வெளிய போயிருக்காரு, வெயிட் பண்ணுங்கன்னாரு. எனக்கப்புறம் வந்த ரெண்டு பிள்ளைவள உள்ள கூப்பிட்டாங்க. உள்ள இருந்தது அதே சாருதான், கதவு திறக்கும்போது எனக்கே தெரியுது. பிறவு வந்து, போட்டோவ மறைச்சு அனுப்பிட்டு வந்தா எப்படிம்மான்னு எங்கிட்ட கேக்காரு. அங்க இருந்த எல்லாருக்கும் கேக்கும்படியா."

ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆபீஸின் அச்சு, கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தது. வலது மூலையில் வெறும் கட்டம்.

"நான் மறைச்சேனாண்ணா? நான் வச்சுத்தான அனுப்பினேன்? நல்லாருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இது எங்க போச்சு?"

கண்ணாடித் தடுப்பின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. பத்ரி சார் போனை மேஜையில் வைத்துவிட்டார். சஃபீனா கண்ணனைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள். சொல்ல வேண்டியது தயாராகத்தான் இருந்தது. காலையில் அவளே தைத்துக் கொடுத்திருந்தாள். நெட் படுத்துவிட்டது, ஓப்பன் ஆகவில்லை. நாக்கு நுனியில் நின்றது. ஆனால் 'நல்லாருக்கு' என்று தான் சொன்னதைத் தன் காதால் கேட்டவள் எதிரே நிற்கிறாள். உள்ளே இருப்பவர் நம்புவார். இவள் நம்ப மாட்டாள். நம்பாமலே 'சரிண்ணா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

"நான்தான் எடுத்தேன்," என்றான்.

"ஏன்?"

"போட்டோ இருந்தா ஒங்களக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

"ஏன்?"

மேலே ஃபேன் கிடுகிடுவென்று ஓடியது.

"நல்லாருக்குன்னு சொன்னீங்கள்ல?"

"நல்லாத்தான் இருக்கு."

"பின்ன எதுக்கு எடுத்தீங்க?" மாரிசெல்விக்கு இப்போதுதான் குரல் உடைந்தது. "அவங்க பாத்து வேண்டாம்னு சொல்லுததுக்கு முன்னாடி நீங்க பாத்து வேண்டாம்னு சொல்லிட்டீங்க. அவ்வளவுதான?"

"இல்ல... நானும் ஒங்கள மாதிரிதான். எங்க வீட்டுலயும் நான்தான் மொத டிகிரி. நானும் அங்கி போட்ட போட்டோதான் வச்சேன்."

"வச்சீங்கள்ல? ஒங்ககிட்ட கேக்காம யாராவது எடுத்தாங்களா?"

இல்லை. மூன்று போட்டார்கள், சிரித்தார்கள், ஆனால் எடுக்கவில்லை. அவன் படம் அவன் தாளிலேயே இருந்தது.

"எனக்குத் தெரியாதாண்ணா நான் எப்படி இருக்கேன்னு? வீட்டுல கண்ணாடி இல்லியா? போட்டோவப் பாத்துட்டு வேண்டாம்னு விட்டிருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல, நான்பாட்டுக்கு ஸ்கூல்ல வேல பாத்துட்டு இருந்திருப்பேன். இல்ல, பாத்துட்டும் வரச் சொல்லியிருந்தா, தெரிஞ்சுதான கூப்பிட்டீங்கன்னு தலைய நிமித்திப் போயிருப்பேன். இப்ப ரெண்டும் இல்லாம, ஏதோ ஏமாத்த வந்தவ மாதிரி..." துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திரும்ப வைங்க. நான் பாக்கணும்."

கண்ணன் கோப்பைத் திறந்தான். வாட்ஸ்அப்பில் தேடி அந்தப் படத்தை எடுத்துக் கட்டத்துக்குள் வைத்தான். முதல் தடவை கோணலாக விழுந்தது, நேராக்கினான்.

"தொப்பி சரிஞ்சிருக்கே, அத மட்டும் வெட்டி..."

"ஒண்ணும் வெட்டாதீங்க."

பார்த்தாள். நேரமெடுத்துப் பார்த்தாள். "வேல இருந்தா சொல்லுங்க. இல்லன்னா விடுங்க. ஆனா என் பேப்பர் எங்க போனாலும் இதோடதான் போகணும்." ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது.

"கண்ணன்."

உள்ளே போனான். மேஜை மேல் ஒரு கடிதம். அடியில் அவன் முழுப் பெயர், சுடலையோடு. கையெழுத்துப் போடும் இடம் காலி. பத்ரி சார் அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். கோபமாகச் செய்யவில்லை.

"நல்ல எண்ணத்துலதான் பண்ணினே. இல்லேன்னு நான் சொல்லலை. ஆனா கிளினிக்காரன்கிட்ட பொய், என்கிட்ட பொய், அந்தப் பொண்ணுகிட்டயும் பொய். நாளைக்கு உன் கையெழுத்துல ஒரு பேப்பர் போனா நான் எப்படி நம்பறது? இன்னும் மூணு மாசம் போகட்டும், பாக்கலாம்."

"சார்." எதற்கும் வாயைத் திறப்பதில்லை என்று மூன்று மாதம் காத்த வாய் அது. "அந்த 'பி' கட்டமே எதுக்கு சார்? அத எடுத்துட்டா?"

பத்ரி சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "எடுக்கறேன். நாளைக்கு அந்தக் கிளினிக் வேற ஏஜென்சிக்குப் போவான். அங்கே அந்தக் கட்டம் இருக்கும். உனக்கும் எனக்கும் சஃபீனாவுக்கும் இங்கே வேலை இருக்காது." பிறகு, பேச்சு முடிந்தது என்கிற மாதிரி, "இனிமே ஃப்ரண்ட் டெஸ்க் ஃபைல் எதையும் நீ தொட வேண்டாம். அக்கவுண்ட்ஸ், கோடவுன் மட்டும் பாரு. மத்ததை அவகிட்ட கொடுத்துடு," என்றார்.

சாயங்காலம் டீக்கடையில் மாமா என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று கண்ணனுக்குத் தெரியும். இன்றைக்குக் கடிதம் வருகிறதென்று இவனே அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்துக்கொண்டே தன்னிடமிருந்த முன்மேஜைக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சஃபீனாவின் கம்ப்யூட்டருக்கு மாற்றினான்.

"காப்பாத்தி விட்டேன். நீயா போயி விழுந்த," என்றாள் அவள். திட்டுகிற குரலாகவும் இல்லை, பரிகிற குரலாகவும் இல்லை.

"அவகிட்ட அந்தப் பொய்ய எப்படிக்கா சொல்ல முடியும்?"

சஃபீனா கோப்புகளைத் திறக்க ஆரம்பித்தாள். நாலாவதோ ஐந்தாவதோ மாரிசெல்வி. கை நின்றது. படத்தைப் பெரிதாக்கி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். இத்தனை நாளில் அவள் எந்த முகத்தையும் இவ்வளவு நேரம் பார்த்துக் கண்ணன் பார்த்ததில்லை.

"எப்படிச் சிரிக்கிறா பாரு. அழகாத்தான் இருக்கா, மாஷா அல்லாஹ்."

படத்தைச் சின்னதாக்கினாள். பட்டியலுக்குப் போனாள். கண்ணன் போட்டிருந்த ஒன்றை அழித்துவிட்டு மூன்று என்று அடித்தாள்.

"அக்கா, இப்பத்தான அழகா இருக்கான்னு சொன்னீங்க?"

"அது நான் சொன்னது." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இது அவங்களுக்கு."

கிளினிக் வேறு பெண்களைக் கேட்டிருந்தது. மூன்று மணிக்கு ஐந்து பேர் கொண்ட பட்டியல் ஒன்று போயிற்று. ஐந்து பேருக்கும் படம் இருந்தது, வெள்ளைச் சுவருக்கு முன்னால். மாரிசெல்வி அதில் இல்லை. கண்ணன் மாலை வரைக்கும் கோடவுன் வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் முகத்தை வெளி ஆள் யாரும் பார்க்கப் போவதில்லை.